நாலு கச்சேரிக்கு அப்புறம் சொல்றேன்

ஜூன் 8, ஞாயிறு

இந்த டைரி ஒரு சிமெண்ட் கம்பெனிக்காரர்கள் எனக்கென்றே அச்சடித்துக் கொடுத்தது. உள்ளே என் பெயர் இல்லையென்றால் அது அவர்கள் தவறு. ஆறு மாதமாகத் தலையணைக்கு உயரம் கொடுத்துக்கொண்டு கிடந்தது. இன்றைக்குத்தான் எழுதும்படியாக ஒன்று நடந்திருக்கிறது.

முதலில் என்னைப் பற்றி. அன்னூர் நாச்சிமுத்து. வயது ஐம்பத்தொன்று, பார்த்தால் நாற்பது சொல்வார்கள். படிப்பு கிட்டத்தட்ட பத்தாவது. இன்னும் கல்யாணம் ஆகவில்லை. நேரம் கிடைக்கவில்லை.

அக்கா பாப்பாத்தியும் அவள் மகள் ஹரிணியும் ஓர் இடம் பார்த்திருந்தார்கள். வசந்தாமணி, வயது நாற்பத்தேழு. கோயமுத்தூரில் ஒரு பெண்கள் விடுதிக்கு வார்டன். ஹரிணி படித்தபோது அங்கேதான் தங்கியிருந்தாள். கட்டினவரைப் பிரிந்து பதினொரு வருஷம் ஆகிறதாம். காந்திபுரத்தில் ஒரு பேக்கரியில் சந்திப்பு. நான் வேனைப் பக்கத்துச் சந்தில் நிறுத்தி, மேலே பெட்ஷீட் போர்த்திவிட்டுப் போனேன். வெயில்.

போய் உட்கார்ந்ததும் மழை பிடித்துக்கொண்டது.

"உங்களுக்குப் பாட்டுன்னா பிடிக்குங்களா?" என்று கேட்டார். அதுதான் முதல் கேள்வி. சம்பளம் கேட்கவில்லை, ஜாதகம் கேட்கவில்லை.

"பிடிக்குமாவா? எட்டு வருஷம் ட்ரம்ஸ் வாசிச்சிருக்கனுங்க. லைட் மியூசிக் ட்ரூப். சிங்கப்பூர் வரைக்கும் போயிருக்கோம்."

ஹரிணி மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தாள். செருப்போடு.

"இப்ப என்ன தொழிலுங்க?"

"எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனி."

"ம்" என்றார். அந்த 'ம்'முக்கு என்ன அர்த்தம் என்று இப்போது வரை யோசிக்கிறேன். பிறகு தேங்காய் பன்னை நாலாகப் பிய்த்து வைத்துவிட்டுச் சொன்னார்: "எனக்கு நேரா நின்னு கேக்கற கச்சேரி பிடிக்குங்க. பேண்டு. கிடார், ட்ரம்ஸ் வெச்சுச் சின்னப் பசங்க சொந்தமா எழுதிப் பாடறது. ஒத்தையா போய்ப் போய்ச் சலிச்சுப்போச்சு. நாலு கச்சேரி என்கூட வாங்க. அப்புறம் சொல்றேன்."

"என்னதுங்க சொல்வீங்க?"

"உங்களைக் கட்டிக்கிறனா இல்லையான்னு."

வரும்போது ஹரிணி, "மாமா, சிங்கப்பூர்?" என்றாள். சிங்காநல்லூர் என்று சொல்ல வந்தது, வாய் நீண்டுவிட்டது என்றேன்.

ஜூன் 9, திங்கள்

மூன்று கடையில் ட்ரம்ஸ் குச்சி விசாரித்தேன். கையில் இருந்தால் நல்லது.

ஜூன் 21, சனி

முதல் கச்சேரி. ஆர்.எஸ்.புரத்தில் ஒரு காபிக்கடை மாடி. குழுவின் பெயர் 'ஈரத்துணி'. ஐயாயிரம் பேர் இருக்கும். சரி, மாடி கொள்ள வேண்டுமே, எழுபது பேர்.

வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் ஒரு பொன்னாடை என்று போய் நின்றேன். அங்கே எல்லோரும் கறுப்பில் இருக்கிறார்கள். இழவு வீடா என்று கேட்கப் பார்த்தேன். வசந்தாமணியும் கறுப்புச் சுடிதார். வேட்டியைப் பார்த்தார், பொன்னாடையைப் பார்த்தார்.

"இது எதுக்குங்க?"

"பாடறவங்களுக்குப் போத்தறதுக்கு. மூணாவது பாட்டு முடிஞ்சதும் மேடையேறினா சரியா இருக்கும்."

"ஏறாதீங்க."

நாற்காலியே கிடையாது. இரண்டு மணி நேரம் நிற்க வேண்டும். பாடுகிற பையன் முகத்தைக் காட்டாமல் தன் செருப்பைப் பார்த்தே பாடினான். மொழி தமிழ்தான், ஆனால் ஒரு பாட்டு முழுக்க 'கேஸ் புக் பண்ணிட்டியா' என்பதைத் தவிர வேறு வரி இல்லை. அதற்கு ஒரு பெண்பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொள்கிறது! நான் சுற்றிப் பார்த்தேன், எல்லோருக்கும் ஏதோ புரிந்த மாதிரி இருந்தது. நானும் தலையை ஆட்டினேன். ஆட்டுவதில் ஒரு முறை இருக்கிறது போல, எனக்கு இடது பக்கமாகப் போனது.

"எப்படி இருந்துதுங்க?" என்றார் படியிறங்கும்போது.

"வலது பக்க ஸ்பீக்கர் பாக்ஸ் கொஞ்சம் உள்ளே திரும்பியிருக்கணும். சுவத்துல அடிச்சுத் திரும்புது."

"ட்ரம்ஸைக் கேட்டேன்."

"ஆங், ட்ரம்ஸ் பிரமாதம். கை நல்ல கை."

"ம்."

வேனை நாலு தெரு தள்ளி நிறுத்தியிருந்தேன். நடப்பது உடம்புக்கு நல்லது.

ஜூன் 22, ஞாயிறு

ஹரிணியிடம் விளக்கம் கேட்டேன். "சினிமாக்காரங்க யாருகிட்டயும் போகாம அவங்களே எழுதி அவங்களே பாடறது மாமா. இண்டின்னு சொல்வாங்க" என்றாள். அப்படியென்றால் சினிமாவில் ஒருவரும் எடுத்துக்கொள்ளாதவர்களா என்றேன். "மாமா, இதை அவங்ககிட்டக் கேட்டுறாதீங்க" என்றாள்.

குழப்பம் தீரவில்லை. பாட்டு நன்றாக இருக்கிறதா இல்லையா என்பதை எதை வைத்துச் சொல்வது?

ஜூலை 5, சனி

இரண்டாவது. பீளமேட்டுப் பக்கம் ஒரு பழைய பஞ்சு குடோன். இந்த முறை ஏற்பாட்டோடு போனேன்: பேண்ட் சட்டை, இரண்டு பிளாஸ்டிக் சேர். வாசலில் இருந்தவன் தடுத்தான்.

"அங்கிள், சேர் அலவுட் இல்ல."

"தம்பி, இது என் சேர்."

"ஸ்டாண்டிங் ஷோ அங்கிள்."

"நீங்க நில்லுங்க. உங்களை உட்காரவா சொன்னேன்?"

பின்னால் வரிசையில் சிரிப்பு. வசந்தாமணி ஒரு சேரைத் திருப்பினார். முதுகில் பெயிண்டில் எழுதியிருந்த எழுத்துகளை நான் கையால் மறைப்பதற்குள் படித்துவிட்டாரா என்று தெரியவில்லை. சேர் இரண்டும் டிக்கெட் மேஜைக்குப் பின்னால் போய்விட்டன. அதில் டிக்கெட் கிழிக்கிறவர்கள் ஜம்மென்று உட்கார்ந்திருந்தார்கள்.

இந்தக் குழுவுக்கு 'லெவல் கிராஸிங்' என்று பெயர். சத்தம் சாதாரணச் சத்தமில்லை. தகரம் அதிர்ந்து மேலேயிருந்து இருபது வருஷப் பஞ்சு உதிர்ந்தது. எல்லார் தலையிலும் வெள்ளை. அந்தச் சத்தத்துக்கு நடுவில் திரும்பிப் பார்த்தால் வசந்தாமணி கண்ணை மூடி நிற்கிறார். நெற்றியில் ஒரு கோடு இருக்குமே, வார்டன் கோடு, அது இல்லை.

முடிந்ததும் எதிரே டீ குடித்தோம். மணி ஏழரைதான்.

"இவ்வளவு சத்தம் காதுக்கு ஆகாதுங்களே" என்றேன்.

"இருவத்திரண்டு வருஷமா என் வேலையே 'சத்தம் போடாதீங்கடி'ன்னு சொல்றதுதானுங்க. நடுராத்திரில ஒரு புள்ள சிரிச்சாக்கூட நான் போய்க் கதவைத் தட்டணும். அம்பது புள்ளைக இருக்கற எடத்துல நான் நடந்து வந்தா அப்படியே அமைதியாயிரும். அது எப்படி இருக்கும்னு நினைக்கறீங்க?"

மரியாதையாக இருக்கும் என்றேன்.

"ம்" என்றார். பிறகு, "மூணாவது கச்சேரிதான் முக்கியம். அந்தக் குழுவைப் பாக்கத்தான் ஒரு வருஷமா காத்திருக்கேன்" என்றார்.

போகும்போது "பாத்துப் போங்க அம்மிணி" என்றேன். எங்கள் பக்கம் வீட்டுக்காரியைச் செல்லமாக அப்படித்தான் கூப்பிடுவது.

"அம்மிணின்னு கூப்பிட நான் இன்னும் ஒத்துக்கலீங்க" என்று ஆட்டோவில் ஏறினார். ஆனால் சிரித்த மாதிரி இருந்தது. ஆட்டோ கண்ணாடி அழுக்கு.

ஜூலை 13, ஞாயிறு

ஆடி வரப்போகிறது. அம்மன் கோயில் வேலைகள் பதினேழு ஒப்புக்கொண்டாயிற்று. (கம்பெனி விஷயம். இதற்கு மேல் எழுதுவதற்கில்லை.) இருபதாம் தேதி ஒரு கோயில் விழுந்திருக்கிறது, அன்றைக்குத்தான் மூன்றாவது கச்சேரி. கம்பெனி ரங்கண்ணனைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். "கல்யாணம் ஆகும்னா ரெண்டு கோயிலா பாத்துக்கறேன் போ" என்றார். முப்பது வருஷமாக என்னோடு இருக்கிறார், இன்னும் மரியாதை வரவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

இன்று ஒரு பெரிய விபத்தைத் தடுத்தேன்.

அவிநாசி சாலையில் ஓர் அரங்கு. குழு 'பழைய ரேஷன் கார்டு'. நானூறு பேர். வசந்தாமணி முன்னால் போகலாம் என்றார். நான்தான் "இங்க பின்னாடிதான் சவுண்டு சரியா இருக்கும்" என்று மிக்ஸர் மேஜைக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். மேஜையில் ஒரு பெண் இருந்தாள், காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு. சின்ன வயது. அப்போதே எனக்கு நம்பிக்கையில்லை.

ஒரு மணி நேரம் நன்றாகப் போனது. கடைசிப் பாட்டில் கிடார்க்காரன் தன் கிடாரை ஸ்பீக்கர் பெட்டிக்கு எதிரே கொண்டுபோய்ப் பிடித்தான். விவரம் தெரிந்த எவனும் அப்படிப் பிடிக்க மாட்டான். கூவ ஆரம்பித்தது. முதலில் மெல்லிசாக, பிறகு ஏறி ஏறி, மாடு கத்துகிற மாதிரி, சங்கு ஊதுகிற மாதிரி. அந்தப் பெண் குனிந்து தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொண்டிருந்தாள். ஷார்ட் சர்க்யூட் ஆகி அரங்கமே எரிந்திருக்கும். நான் எட்டி மிக்ஸரில் கையை வைத்து ஒரே இழுப்பில் அடக்கினேன். நானூறு பேர் உயிர் பிழைத்தார்கள்.

அந்தப் பெண் என்னிடம், "அங்கிள்! என்ன பண்றீங்க!" என்று ஆச்சரியப்பட்டாள். கிடார்க்காரன் மைக்கில், "யாரோ எங்களை ஆஃப் பண்ணிட்டாங்க" என்று நன்றி தெரிவித்தான். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நிர்வாகிகள் இருவர் என்னை மரியாதையாக வெளியே அழைத்து வந்தார்கள்.

வசந்தாமணி உள்ளேயே இருந்தார். கச்சேரி முடிந்து வந்தவர் என்னைத் தாண்டிப் போய் ஆட்டோ ஏறினார். என்னைக் கவனிக்கவில்லை போலிருக்கிறது. கூட்டம் அதிகம்.

ஜூலை 21, திங்கள்

போன் வரவில்லை. டவர் பிரச்சினை.

ஜூலை 22, செவ்வாய்

டவர் சரியாகத்தான் இருக்கிறது.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. அன்னூருக்கு வடக்கே ஓர் அங்காளம்மன் கோயில். நானே போனேன்.

சாயங்காலம் அலங்காரம் முடிந்து பூசாரி மைக்கை வாங்கிக்கொண்டு, குழாய் ஸ்பீக்கருக்கு நேர் எதிரே போய் நின்றார். கூவியது. முப்பது வருஷத்தில் என் மைக் அரை நொடிக்கு மேல் கூவியதில்லை. இன்று கையைக் குமிழில் வைத்துக்கொண்டு இறக்காமல் நின்றேன். இதில் என்னதான் இருக்கிறது என்று கேட்டுப் பார்த்தேன். வேப்பமரத்துக் காக்காய் எல்லாம் பறந்தது. ஒரு கிழவர் "டேய் மைக் செட்டு, செத்துப்போயிட்டியா?" என்று கத்தினார். ரங்கண்ணன் ஓடிவந்து இறக்கினார்.

ஒன்றும் புரியவில்லை. ஆனால் சத்தம் நின்ற பிறகு ஊரே காலியான மாதிரி இருந்தது. அது மட்டும் புரிந்தது.

சரி, டைரியை யார் படிக்கப் போகிறார்கள். எழுதிவிடுகிறேன். ஷார்ட் சர்க்யூட் எல்லாம் இல்லை. அந்தக் கூவல்தான் பாட்டு. கிடார்க்காரன் வேண்டுமென்றே செய்தான். ஹரிணி போனில் போட்டுக் காட்டினாள், எல்லா ஊர்க் கச்சேரியிலும் அந்த இடத்தில் ஜனங்கள் கையைத் தூக்கிக்கொண்டு காத்திருக்கிறார்கள். கோயமுத்தூரில் மட்டும் நான் இருந்தேன். நிர்வாகிகள் மரியாதையாக அழைத்து வரவில்லை, அக்குளில் கை கொடுத்துத் தூக்கி வந்தார்கள். ஒரு செருப்பு உள்ளேயே போய்விட்டது. வசந்தாமணி என்னைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார்.

நான் ட்ரம்ஸைத் தொட்டதுகூட இல்லை. தூக்கி வண்டியில் ஏற்றியதைச் சேர்த்தால் தொட்டிருக்கிறேன்.

ஜூலை 27, ஞாயிறு

விடுதிக்குப் போனேன். வேனிலேயே, வாசல் வரைக்கும். பெட்ஷீட் கொண்டுபோகவில்லை.

ஆண்கள் கேட்டுக்கு உள்ளே போகக்கூடாது. வாட்ச்மேன் ஒரு நோட்டை நீட்டினார். பெயர், ஊர், யாரைப் பார்க்க, உறவுமுறை. முதல் மூன்றும் எழுதிவிட்டேன். நாலாவதில் பேனா நின்றுவிட்டது. 'சொந்தம்' என்று எழுதி அடித்தேன். 'வருங்கால' என்று ஆரம்பித்து அதையும் அடித்தேன்.

"ஏனுங்க, ஒரு வார்த்தை எழுத இவ்வளவு நேரமா?" என்றார் வாட்ச்மேன்.

'மைக் செட்' என்று எழுதினேன்.

அவர் படித்துவிட்டு, "இன்னைக்கு இங்க ஃபங்ஷன் ஒண்ணுமில்லீங்களே" என்றார்.

வசந்தாமணி வந்தார். நோட்டை வாங்கிப் பார்த்தார். மாடி ஜன்னல்களில் தலைகள் முளைத்தன. அவர் நிமிர்ந்தவுடன் எல்லாம் மறைந்தன.

"ட்ரம்ஸ்னு எழுதலீங்களா?"

"இல்லீங்க. அது பொய். சிங்கப்பூரும் பொய். மைக் செட்டு, பந்தல் சேரு, சீரியல் லைட்டு, இதுதான் என் தொழிலு."

"தெரியுங்க."

"ஹரிணி சொல்லிட்டாளா?"

"பேக்கரிக்குப் பக்கத்துச் சந்துல ஒருத்தர் வேனுக்குப் போர்வை போத்திட்டிருந்தா யாருதான் பாக்க மாட்டாங்க? அங்காளம்மன் சவுண்ட் சர்வீஸ், அன்னூர், கீழே போன் நம்பரு. ட்ரம்ஸ் வாசிச்ச ஆளு ட்ரம்ஸைப் பாக்கும். நீங்க மூணு கச்சேரியிலயும் ஒயர் எங்க போகுதுன்னுதான் பாத்தீங்க."

தெரிந்தும் ஏன் கூட்டிப் போனார்?

"அப்ப கோவம் எதுக்குங்க? பொய் சொன்னதுக்கு இல்லீன்னா?"

"அந்தச் சத்தத்தை நிறுத்துனீங்க பாருங்க, அதுக்கு." குரல் தாழ்ந்துவிட்டது. "நான் தெனமும் செய்யறதை என்கிட்டயே செஞ்சீங்க. வருஷத்துல ஒரு நாள், யாரும் யாரையும் அடக்காத ஒரு எடம், அங்கயும் வந்து ஒருத்தர் கையை வெக்கறாரு. அதுவும் நான் கூட்டிட்டு வந்த ஆளு."

மன்னிப்புக் கேட்க ஒரு பிரமாதமான பேச்சு தயார் செய்து வைத்திருந்தேன். அதில் ஒரு வரிகூட ஞாபகம் வரவில்லை. "கை தானா போயிருச்சுங்க" என்றேன். "முப்பது வருஷப் பழக்கம். மைக் கூவுனா மானம் போச்சுன்னு அர்த்தம் எங்க தொழில்ல."

அவர் நோட்டில் என் எழுத்தை மறுபடி ஒரு தடவை பார்த்தார். பிறகு நோட்டை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு, "சனிக்கிழமை நாலாவது. அஞ்சு மணிக்கு வந்துருங்க. மிக்ஸர் பக்கம் நிக்கக் கூடாது" என்றார்.

இது மன்னிப்பா? கணக்குக்கு நாலை முடிக்கிறாரா? ஹரிணியைக் கேட்டால் "மாமா, போங்க" என்கிறாள். எங்கே போக?

ஆகஸ்ட் 2, சனி

நாலாவது. சரவணம்பட்டியில் திறந்த மைதானம், தூறல். கூட்டம் எவ்வளவு என்று எண்ணவில்லை.

நாங்கள் மேடைக்கு முன்னால், கம்பி வேலிக்குப் பக்கத்தில் நின்றோம். மிக்ஸர் எங்கே இருக்கிறது என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு தடவைதான் பார்த்தேன்.

பின்னாலிருந்து "மேடம்?" என்று ஒரு குரல். விடுதிப் பிள்ளைகள் நாலைந்து பேர். பேயைப் பார்த்த மாதிரி நின்றார்கள். வசந்தாமணி என்னைப் பார்த்தார், அவர்களைப் பார்த்தார். "எட்டரைக்குள்ள வந்து சேருங்கடி" என்று சொல்லிவிட்டு மேடைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கடைசிப் பாட்டில் கூவல் வந்தது. இரண்டு கிடார், இரண்டும் பெட்டிக்கு எதிரே. நெஞ்செலும்பு அதிர்ந்தது. என் கை இரண்டும் என்னிடம் கேட்காமல் அசைந்தன. பேண்ட் பைக்குள் திணித்து வைத்தேன். பக்கத்தில் பார்த்தால் வசந்தாமணி கத்துகிறார். ஆமாம், கத்துகிறார். வார்த்தை ஒன்றும் கிடையாது. வாய் நிறைய, கழுத்து நரம்பு தெரிய, ஐம்பது பிள்ளைகளை அடக்குகிற அந்தத் தொண்டையால். விடுதிப் பிள்ளைகள் முதலில் பயந்தார்கள், பிறகு அவர்களும் கத்தினார்கள்.

என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார், நீங்களும் கத்துங்க என்று.

எனக்கு என்ன கத்துவது என்று தெரியவில்லை. வாயைத் திறந்தேன். வந்தது இதுதான்: "ஹலோ! மைக் டெஸ்டிங்! ஒன், டூ, த்ரீ! ஹலோ!"

வசந்தாமணி வேலியைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டார். உடம்பு சரியில்லையோ என்று பயந்தேன். சிரிப்பு. நிறுத்த முடியாத சிரிப்பு. கண்ணில் தண்ணீர். நான் நிறுத்தவில்லை. த்ரீ முடிந்து மறுபடி ஒன்னிலிருந்து ஆரம்பித்தேன்.

டீக்கடையில் கேட்டார்: "நெசமா சொல்லுங்க. இதுவரைக்கும் எத்தனை பொண்ணுப் பாத்தீங்க?"

வாயில் 'ரெண்டு மூணு, நான்தான் வேண்டாம்னுட்டேன்' என்று வந்துவிட்டது. விழுங்கினேன்.

"நாப்பத்தியொண்ணுங்க. எல்லாரும் வேண்டாம்னுட்டாங்க. மைக் செட்டு கட்டறவனுக்கான்னு நேராவே கேட்டவங்க ஒம்பது பேரு."

டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். ஆறிப்போன டீ அது.

"இனி எங்கயும் பொண்ணுப் பாக்கப் போகாதீங்க" என்றார். திட்டுவது போலத்தான் சொன்னார். "அடுத்த மாசம் பெங்களூர்ல ஒரு கச்சேரி இருக்குது. ரெண்டு டிக்கெட் போட்டுட்டேன்."

வேனிலேயே கொண்டுபோய் விட்டேன். இறங்கும்போது, "பாத்துப் போங்க" என்றேன். அம்மிணி என்று சேர்க்கவில்லை. அவர் கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றார், நான் ஏதோ மறந்துவிட்ட மாதிரி. பிறகு போய்விட்டார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. விடியற்காலையிலேயே அக்கா வந்துவிட்டாள்.

"என்னடா சொன்னாங்க?"

"தெரியலக்கா."

"தெரியலயா? உனக்கா? நாலு கச்சேரியும் முடிஞ்சுதுல்ல?"

"முடிஞ்சுது. கட்டிக்கிறேன்னும் சொல்லல, மாட்டேன்னும் சொல்லல. இனி எங்கயும் பொண்ணுப் பாக்கப் போகாதேன்னாங்க. அஞ்சாவதுக்கு டிக்கெட் போட்டிருக்காங்க. பேசுனது நாலுதானே, அஞ்சு எதுக்குக்கா?"

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு என் வீட்டு முன்னறையைச் சுற்றிப் பார்த்தாள். ஆம்ப்ளிஃபயர், குழாய், ஒயர்ச் சுருள், சீரியல் லைட் மூட்டை, நடக்க ஒரு காலடி இடம் மட்டும்.

"மொதல்ல இந்தக் கருமத்தையெல்லாம் கடைக்கு எடுத்துட்டுப் போ. இன்னைக்கே. நல்ல நாளு" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, விளக்குமாற்றைத் தேடப் போய்விட்டாள்.

எதற்கென்று புரியவில்லை. ரங்கண்ணனும் நானும் காலையிலிருந்து தூக்கிக்கொண்டிருக்கிறோம். அவர் வேறு தனக்குத்தானே சிரித்துக்கொள்கிறார், காரணம் கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறார். எல்லாம் போய்விட்டது. முன்னறை இவ்வளவு பெரிது என்று இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

ஒரு பாக்ஸை மட்டும் எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஜன்னலோரமாக, கொஞ்சம் உள்ளே திருப்பி வைத்திருக்கிறேன். நம் வீட்டில் அக்கம்பக்கம் கிடையாது, சுற்றிலும் தோட்டம்தான். சத்தம் எவ்வளவு வேண்டுமானாலும் வைக்கலாம்.